தோட்டப் பாடசாலைக்குக் காப்புறுதி: எதை வாங்குவது, எதை விடுவது?

ஹட்டன் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றின் அபிவிருத்திச் சங்கச் செயலாளர் கேட்டிருக்கிறார்: "எங்கள் பாடசாலையில் 420 பிள்ளைகள். காப்புறுதி முகவர் ஒருவர் வந்து கட்டடம், கணினி அறை, மாணவர் விபத்து, வைத்தியச் செலவு எல்லாவற்றையும் ஒரே திட்டத்தில் போடலாம் என்றார். பிள்ளைக்கு மாதம் 100 ரூபாய் ஆகுமாம். இதைவிடக் குறைந்த செலவில் செய்ய வழி இருக்கிறதா?"

இருக்கிறது. ஆனால் முதலில் அந்த 100 ரூபாயைக் கூட்டிப் பாருங்கள். 420 பிள்ளைகளுக்கு வருடம் 504,000 ரூபாய் வருகிறது. மூன்று பிள்ளைகள் படிக்கும் ஒரு லயத்து வீட்டுக்கு அது 3,600 ரூபாய். கொழுந்து குறைந்த மாதத்தில் அந்த வீடு எதைக் குறைத்து இதைக் கட்டும் என்று நினைத்துப் பார்த்தபிறகுதான் சங்கம் முடிவெடுக்க வேண்டும். இவ்வளவு பணம் தேவைப்படாது என்பதே என் கருத்து. காரணம், முகவர் விற்க வந்ததில் ஒரு பகுதி உங்கள் பிள்ளைகளிடம் ஏற்கெனவே இருக்கிறது.

கல்வி அமைச்சின் சுரக்ஷா மாணவர் காப்புறுதி 2017இல் தொடங்கியது. இடையில் நின்றுபோய் 2024இல் மறுபடி வந்தது. பெற்றோர் ஒரு சதமும் கட்டுவதில்லை. வைத்தியச் செலவு, விபத்து, பெற்றோர் இறந்தால் கிடைக்கும் உதவி என்று மூன்று பக்கமும் அது தொடுகிறது. தொகைகளும் நிபந்தனைகளும், சில வேளை கம்பனியும்கூட மாறும். ஆகவே பழைய துண்டுப்பிரசுரத்தை நம்பாமல், நடப்புச் சுற்றுநிருபத்தை வலயக் கல்விப் பணிமனையில் கேட்டு வாங்குங்கள். அதை மேசையில் விரித்து வைத்து முகவரின் திட்டத்தோடு வரிவரியாக ஒப்பிட்டால், எங்கே இரட்டிப்பாகக் காசு போகிறது என்று உங்களுக்கே தெரியும்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச வேண்டும். மலையகத்தில் நான் காணும் பெரிய இழப்பு காப்புறுதி இல்லாததால் வருவதில்லை, இருப்பதைக் கேட்டுப் பெறாததால் வருவது. ஒரு பிள்ளைக்குக் குளவி கொட்டுகிறது. டிக்கோயா ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து அனுப்புகிறார்கள். 'அரச ஆஸ்பத்திரிதானே, செலவே இல்லையே' என்று தாய் நோய் விபர அட்டையை எங்கேயோ வைத்துவிடுகிறார். ஆனால் அரச ஆஸ்பத்திரியில் தங்கினாலும் நாட்கணக்கில் கொடுப்பனவு பெறும் ஏற்பாடு சுரக்ஷாவில் இருந்து வந்திருக்கிறது. அந்த அட்டையும், அதிபர் உறுதிப்படுத்திய படிவமும், வங்கிக் கணக்கு விபரமும் இல்லாவிட்டால் எதுவும் நகராது. காலக்கெடு கடந்தாலும் அப்படித்தான்.

இதற்கு ஒரு ஆளும் ஒரு கோவையும் போதும். ஓர் ஆசிரியரைப் பொறுப்பாக்குங்கள். வெற்றுப் படிவங்கள் அவரது அலுமாரியில் எப்போதும் இருக்கட்டும். பிள்ளை ஒரு நாளுக்கு மேல் ஆஸ்பத்திரியில் இருந்ததாகத் தெரிந்தால் வகுப்பாசிரியர் அவருக்குச் சொல்ல வேண்டும். பெற்றோர் கூட்டத்தில் ஒரே ஒரு செய்தியை அழுத்திச் சொல்லுங்கள்: ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பும்போது தரும் அட்டையையும் மருந்து வாங்கிய பற்றுச்சீட்டையும் எறியாதீர்கள், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள். இந்த வேலைக்குச் செலவு கிடையாது. நீங்கள் வாங்கப்போகும் எந்தப் பொலிசியையும்விட முதல் வருடத்தில் இதுதான் அதிகப் பயன் தரும் என்று உறுதியாகச் சொல்வேன்.

சரி, மாணவர் விபத்துக்கு மேலதிகமாக ஏதாவது வேண்டுமா? சுற்றுநிருபத்தைப் பார்த்தபிறகும் குறை தெரிந்தால், குழு விபத்துக் காப்புறுதி ஒன்றைத் தனியாக எடுக்கலாம். தலைக்கு இவ்வளவு என்று கணக்கிடுவதால், எல்லாம் சேர்ந்த திட்டத்தைவிட மிகவும் மலிவு. பக்கத்துத் தோட்டத்துப் பாடசாலைகள் நான்கைந்து சேர்ந்து ஒரே நேரத்தில் விலை கேட்டால் இன்னும் இறங்கும், 400 தலைக்கும் 2,000 தலைக்கும் கம்பனி ஒரே விலை சொல்லாது. வாங்கும் முன் ஒரு கேள்வியை எழுத்தில் கேளுங்கள்: குளவிக்கொட்டு 'விபத்து' என்ற வரைவிலக்கணத்துக்குள் வருமா? தேயிலை மலைக்கு நடுவே நடந்து வரும் பிள்ளைகளுக்கு அது வராத பொலிசி எதற்கு?

கட்டடத்தைப் பொறுத்தவரை அவசரப்படாதீர்கள். அரச பாடசாலையின் கட்டடம் சங்கத்தின் சொத்து அல்ல. தனக்குச் சொந்தமில்லாத ஒன்றுக்குச் சங்கம் காப்புறுதி எடுத்தால் நட்டஈடு யாருக்கு என்ற கேள்வியிலேயே கோரிக்கை சிக்கிக்கொள்ளும். வலயப் பணிமனையிடம் எழுத்தில் கேட்காமல் அதில் கைவைக்க வேண்டாம். மண்சரிவுதான் உங்கள் பயம் என்றால், காப்புறுதிக்கு முன் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வைக் கோருங்கள். 2014 ஒக்டோபர் 29இல் மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிவு லயங்களைப் புதைத்தது நம் எல்லோருக்கும் தெரியும். அந்த ஆபத்திலிருந்து பிள்ளைகளைக் காப்பது இடம் மாறுவதும் முன்னெச்சரிக்கையும்தான்.

கணினிகள், புரொஜெக்டர், பேண்ட் வாத்தியங்கள் போன்றவற்றைப் பழைய மாணவர் சங்கமோ நன்கொடையாளரோ கொடுத்திருந்தால், அவை காணாமற்போனால் திரும்ப வாங்கித் தர யாரும் இல்லை. காசு செலவழிக்க வேண்டிய இடம் இதுதான். தீ, களவு இரண்டுக்கும் எடுங்கள். நம் பக்கத்து இடி மின்னலுக்குக் கணினி கருகுவது சகஜம் என்பதால், மின்னலோடு மின்னழுத்த ஏற்ற இறக்கத்தால் வரும் சேதமும் அடங்குமா என்று கேளுங்கள். சாதாரணத் தீக் காப்புறுதியில் மண்சரிவு தானாக வந்துவிடும் என்று எண்ணாதீர்கள், அந்தச் சொல் பொலிசியில் எழுதப்பட்டிருக்க வேண்டும். களவுப் பொலிசிகள் பெரும்பாலும் கதவையோ ஜன்னலையோ உடைத்த அடையாளத்தைக் கேட்கும். திறப்புப் போட்டுத் திறந்து எடுத்த பொருளுக்குக் காசு வராது.

கட்டுப்பணத்தைக் குறைக்கப் பலர் பொருளின் பெறுமதியைக் குறைத்துக் காட்டுகிறார்கள். இது பெரிய பிழை. 20 இலட்சம் பெறுமதியான பொருட்களை 10 இலட்சத்துக்கு எழுதினால், 4 இலட்சம் நட்டம் வரும்போது 10 இலட்சத்துக்குள்தானே இருக்கிறது என்று முழுவதும் தரமாட்டார்கள். பாதிதான் காப்புறுதி செய்திருக்கிறீர்கள் என்று 2 இலட்சம் தருவார்கள். நேர்மையாகக் குறைக்க வேறு வழி இருக்கிறது. ஒவ்வொரு நட்டத்திலும் முதல் 25,000 ரூபாயைச் சங்கமே ஏற்கும் என்று சொல்லிப் பாருங்கள், கட்டுப்பணம் இறங்கும். ஜன்னலுக்குக் கம்பி, தீயணைப்புக் கருவி, தொடர் இலக்கத்தோடு பொருட்பதிவேடு இவற்றைக் காட்டியும் பேரம் பேசலாம்.

அப்புறம், பலர் மறந்துவிடும் ஆட்கள் இருவர்: சங்கத்தின் கையால் சம்பளம் வாங்கும் காவலாளியும் தொண்டர் ஆசிரியரும். அரச ஊழியருக்கான அக்ரஹார காப்புறுதி இவர்களுக்கு இல்லை. காவலாளி கூரையிலிருந்து விழுந்தால், 1934ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டத்தின்படி பொறுப்பு வேலை கொடுத்தவர் மீது வரலாம். ஓரிருவருக்கான தொழிலாளர் நட்டஈட்டுக் காப்புறுதிக்குப் பெரிய செலவில்லை. இதை விட்டுவிடாதீர்கள்.

பிள்ளைகளை ஏற்றும் வேன்காரர்களிடம் காப்புறுதிப் பத்திரத்தின் பிரதியை வாங்கிப் பாருங்கள். தனிப்பட்ட பாவனைக்கு என்று எழுதிய வண்டியில் கூலிக்கு ஏற்றினால் கம்பனி தகராறு செய்யும்.

விலையைக் குறைந்தது மூன்று இடத்தில், ஒரே நிபந்தனைகளைக் கொடுத்து, கேளுங்கள். முகவர் கம்பனியின் ஆள். பதிவு பெற்ற காப்புறுதித் தரகர் உங்கள் சார்பில் பல கம்பனிகளிடம் விலை கேட்பவர், அவருக்கான தரகுப்பணத்தைப் பொதுவாகக் கம்பனிதான் கொடுக்கும். இருவரும் இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் கீழ் வருபவர்கள். படிவத்தைத் தமிழில் கேளுங்கள், புரியாததில் அதிபரைக் கையெழுத்திட வைக்காதீர்கள்.

காசை எந்தப் பெற்றோரிடமும் கட்டாயமாக வாங்க வேண்டாம். கணினிக் காப்புறுதியைப் பழைய மாணவர் சங்கமும் காவலாளியினுடையதை அபிவிருத்திச் சங்க நிதியும் ஏற்கலாம். கோரிக்கையைக் கம்பனி மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்கி, முதலில் அதன் தலைமையகத்துக்கு முறையிடுங்கள். அங்கும் சரிவராவிட்டால் காப்புறுதிக் குறைகேள் அதிகாரியிடமோ ஆணைக்குழுவிடமோ போகலாம்.