அந்த அத்தியாயத்தை எடுக்கச் சொல்லலாமா?

கேள்வி: என் தங்கை திருநங்கை. பதினேழு வயதில் வீட்டை விட்டுப் போனவள், இப்போது தன் கதையைப் புத்தகமாக எழுதுகிறாள். நான் பெல்ட்டால் அடித்தது, பிடித்து மொட்டையடித்தது எல்லாம் அதில் வருகிறதாம். என் மகளுக்கு வரன் பார்க்கும் நேரம். அவள் அத்தையைப் பார்த்ததுகூட இல்லை. அந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் எடுக்கச் சொல்வது தவறா?
- பெயர் வேண்டாம், ஈரோடு

பதில்: கடிதத்தில் ‘தம்பி’ என்று எழுதி, அதை அடித்துவிட்டு மேலே ‘தங்கை’ என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பார்த்த பிறகுதான் இந்தப் பதிலை எழுத மனம் வந்தது.

எடுக்கச் சொல்லாதீர்கள். நாமக்கல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்த திருநங்கை எழுத்தாளர் ரேவதியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பெங்களூரில் பாலியல் சிறுபான்மையினரின் உரிமைக்காக இயங்கும் ‘சங்கமா’ அமைப்பில் வேலை பார்த்தவர். 2004-ல் வந்த அவருடைய முதல் புத்தகம் ‘உணர்வும் உருவமும்’ மற்ற திருநங்கைகளிடம் கேட்டுத் தொகுத்தது. சொந்தக் கதை அப்புறம்தான். அது 2010-ல் வ. கீதாவின் மொழிபெயர்ப்பில் ஆங்கிலத்திலும், மறு வருடம் ‘வெள்ளை மொழி’ என்று தமிழிலும் வந்தது. அண்ணன் கிரிக்கெட் மட்டையால் அடித்தது அதில் இருக்கிறது. அண்ணனைச் சந்தி சிரிக்க வைக்கவா எழுதினார்? அந்த அடியை எடுத்துவிட்டால், வீடு திரும்பிய பிள்ளை ஏன் மறுபடியும் ஊரை விட்டு ஓடியது என்பதற்குக் காரணமே இருக்காது. திமிரெடுத்து ஓடினாள் என்றுதான் படிக்கிறவர் நினைப்பார். உங்கள் தங்கையையும் ஊர் இத்தனை நாள் அப்படித்தானே சொல்லியிருக்கும்?

பெயரையும் ஊரையும் மாற்றச் சொல்லிக் கேட்கலாம். மகளைப் பற்றி எதுவும் வர வேண்டாம் என்றும் கேட்கலாம். எழுதுகிறவர்கள் பலர் இதற்குச் சம்மதிப்பார்கள். ஆனால் முடிவு அவளுடையது. வரன் வீட்டாரைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாதீர்கள். தமிழ்ப் புத்தகம் வாங்கிப் படிக்கிற சம்பந்தி கிடைத்தால் அது உங்கள் அதிர்ஷ்டம்.

ஒன்று கேட்கிறேன். அந்த மொட்டையைப் பற்றி அவளிடம் இதுவரை ஒரு வார்த்தையாவது பேசியிருக்கிறீர்களா? கடிதத்தில் அது இல்லை. புத்தகம் அச்சுக்குப் போகும் முன் ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். அத்தியாயப் பேச்சை அன்றைக்கு எடுக்காதீர்கள். மகள் வருகிறேன் என்றால் அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.