விளையில் (தோட்டத்தில்) முளைத்த காளானைச் சமைக்கலாமா?

கேள்வி: எங்கள் வீடு கன்னியாகுமரி மாவட்டத்தில் அருமனை பக்கம். மழை விட்டதும் முற்றத்திலும் தென்னை மூட்டிலும் வெள்ளைக் குடைக் காளான்கள் நிறைய வந்திருக்கின்றன. மஞ்சளும் வெங்காயமும் போட்டு வேகவைத்து, நிறம் மாறாவிட்டால் சாப்பிடலாம் என்கிறார் மாமியார். சிறுவயதிலிருந்தே விளையில் காளான் பறித்துச் சமைத்தவர் அவர். படம் அனுப்பியிருக்கிறேன், இது எந்தக் காளான்? என் நாலு வயது மகன் வேறு அதைப் பறித்து விளையாடுகிறான்.

பதில்: சமைக்காதீர்கள். படத்தில் குடையின் மேல்பக்கம் மட்டும்தான் தெரிகிறது. அடிப்பக்கமும் தண்டும் தெரிந்திருந்தாலும், படத்தை வைத்து ‘சாப்பிடலாம்’ என்று நான் சொல்ல மாட்டேன். செல்போன் செயலி சொல்லும் பெயரை நம்பியும் அடுப்பில் ஏற்ற வேண்டாம்.

மாமியார் அந்தக் காலத்தில் சமைத்தது பெரும்பாலும் புற்றுக்காளானாக இருக்கும். கறையான் புற்றிலிருந்து வருவது அது. தோண்டிப் பார்த்தால் தண்டு வேர்போல நீண்டு புற்றுவரை போகும், குடையின் நடுவில் கூரான முனை இருக்கும். நல்ல உணவுதான். ஆனால் அதே மழையில் முற்றத்துப் புல்லிலும் மக்கிய குப்பை கிடக்கும் இடத்திலும் குளோரோபில்லம் என்ற காளானும் வெள்ளையாகக் குடை விரிக்கும். குடைமேல் பழுப்புச் செதில்கள், தண்டில் ஒரு வளையம், முற்றும்போது பச்சையாக மாறும் அடிமடிப்புகள் ஆகியவை அதன் அடையாளங்கள். இளசாகப் பறித்தால் அந்தப் பச்சை தெரியாது, பழகிய கண்ணும் அங்கேதான் ஏமாறுகிறது. சாப்பிட்ட 1 முதல் 3 மணி நேரத்தில் கடும் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். பெரும்பாலானோர் பிழைத்துக்கொள்வார்கள் என்றாலும், குழந்தைகளுக்கும் முதியவர்களுக்கும் உடலில் நீர் வற்றி ஆபத்தாகலாம்.

நான் அதிகம் பயப்படுவது அமனிட்டா இனத்தில் உள்ள சில காளான்களுக்கு. தண்டின் அடியில், மண்ணுக்குள், கிண்ணம்போல ஓர் உறை இருக்கும். தண்டைக் கிள்ளிப் பறித்தால் உறை மண்ணிலேயே தங்கிவிடும், அடையாளமும் போய்விடும். இந்த நஞ்சு வேகவைத்தாலும் காயவைத்தாலும் அழியாது. மஞ்சளோ வெங்காயமோ வெள்ளிக்காசோ இதைக் காட்டிக்கொடுக்காது. பூச்சி அரித்த காளான் நல்லது என்பதும் தவறு. நம்மைக் கொல்லும் காளானைப் பூச்சியும் நத்தையும் தின்றுவிட்டுப் போகும்.

நேரக் கணக்கை மட்டும் வீட்டில் எல்லோரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அமனிட்டா நஞ்சு என்றால் பெரும்பாலும் 6 முதல் 12 மணி நேரம் கழித்துத்தான் வயிறு கலங்கும். இரவில் சாப்பிட்டவருக்கு விடியும்போது வாந்தி வரும், அவரும் வேறு எதையோ காரணம் சொல்வார். அப்புறம் ஒரு நாள் உடம்பு தேறியதுபோல இருக்கும். உள்ளே கல்லீரல் அழிந்துகொண்டிருப்பது அந்த நாளில்தான். மஞ்சள் காமாலை தெரியும்போது காலம் கடந்திருக்கலாம். அதனால் தாமதமாக வரும் வாந்தியை இன்னும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டும். சீக்கிரம் வந்தாலும் நிம்மதி வேண்டாம், ஒரே குழம்பில் இரண்டு வகையும் கலந்திருக்கலாம்.

எப்போதாவது அப்படி நடந்துவிட்டால், சாப்பிட்ட எல்லோரும், ஒன்றும் ஆகாதவர்கள்கூட, உடனே கிளம்புங்கள். 108-ஐ அழையுங்கள். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை நம் மாவட்டத்திலேயே இருக்கிறது. உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மீதிக் காளானை வேரடியோடு காகிதத்தில் சுற்றி எடுத்துப் போங்கள், குழம்பு மிச்சம் இருந்தால் அதையும் கொண்டுபோங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, எப்போது முதல் வாந்தி என்று குறித்துக் கொடுத்தால் மருத்துவருக்குப் பெரிய உதவி. ‘இப்போது சரியாகிவிட்டது’ என்று வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். கல்லீரல் பரிசோதனையை இரண்டு மூன்று நாள் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டியிருக்கும்.

மகன் தொட்டு விளையாடியதால் நஞ்சு ஏறாது. சோப்பு போட்டுக் கை கழுவினால் போதும். கடித்திருந்தால் வாயில் இருப்பதைத் துப்ப வைத்து, வாய் கொப்பளிக்கச் செய்து, அறிகுறிக்குக் காத்திராமல் கூட்டிப்போங்கள். முற்றத்தில் உள்ளதை மண்வெட்டியால் அடியோடு எடுத்து, பிள்ளை போகாத இடத்தில் புதைத்துவிடுங்கள். அதன் இழைகள் மண்ணுக்குள் இருப்பதால் மறுபடி முளைக்கும். மழைக்காலம் முடியும்வரை தினமும் காலையில், அவன் வெளியே இறங்கும் முன் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாமியாருக்குக் காளான் ஆசை என்றால் கடையில் சிப்பிக்காளானோ பால்காளானோ வாங்கிக் கொடுங்கள்.