மலையும் பனியும்: வாசகர் கேள்விகள்

18 வருடங்களுக்கு முன்பு கல்லூரி நண்பர்கள் ஆறு பேர் மணாலிப் பக்கம் மலையேறினோம். நாற்பதைத் தொடும் இந்த வயதில் அதே ஆறு பேரும் பிப்ரவரியில் உத்தராகண்டின் கேதார்காந்தா சிகரத்துக்குப் போகப்போகிறோம். நம்ம கன்னியாகுமரிப் பக்கத்து மருந்துவாழ்மலையில் ஏறிப் பழகினால் போதுமா?
– வாசகர், தக்கலை

கால்களுக்குப் போதும். உயரத்துக்கு உடம்பைப் பழக்க அந்த மலையால் முடியாது. அது அடுத்த பதிலில்.

வாரம் மூன்று நாள், வெயில் ஏறும் முன்பே ஏறி இறங்குங்கள். முதல் இரண்டு வாரம் வெறும் பை, அப்புறம் 3 கிலோ, கடைசியில் 7 கிலோ. சுமைக்குத் தண்ணீர் பாட்டில்களே நல்லது. முட்டி வலித்தால் மேலேயே தண்ணீரைக் கொட்டிவிட்டு இறங்கலாம். இறக்கத்தில் ஓடாதீர்கள். தொடைத் தசை நீண்டுகொண்டே பாரம் தாங்குவது இறங்கும்போதுதான். மறுநாள் மாடிப்படி இறங்க முடியாமல் வலிப்பதும் அதனால்தான். பனியில் அந்தத் தசைதான் கைகொடுக்கும். புது ஷூவை இங்கேயே போட்டு நடந்து பழக்கிவிடுங்கள். பிரஷர், சர்க்கரை உள்ளவர்கள் டிக்கெட் போடும் முன்பே டாக்டரைப் பாருங்கள்.

போன தடவை எங்களில் ஒருவருக்கு முதல் ராத்திரியே தலைவலி, வாந்தி. கடற்கரைக்காரர்களுக்கு மலை ஒத்துக்கொள்ளாதா?
– வாசகர், குளச்சல்

ஊர் காரணமில்லை, ஏறிய வேகம்தான் காரணம். கேதார்காந்தா உச்சி இருக்கும் 3,800 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்கும் குறைவு. ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அதே அளவுக்குக் குறையும். அதற்கு உடம்பு பழக நாள் பிடிக்கும். 3,000 மீட்டருக்கு மேல் போனால், தூங்கும் இடத்தை ஒரு நாளில் 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாதீர்கள்.

தலைவலியோடு குமட்டலோ தலைசுற்றலோ வந்தால் அன்றைக்கு அதற்கு மேல் ஏறக்கூடாது. தூக்க மாத்திரை கொடுக்கவே கூடாது, அது மூச்சை இன்னும் மந்தமாக்கும். குதிகாலை விரலோடு ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடக்கச் சொல்லுங்கள். தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திராமல் உடனே இறக்க வேண்டும். தனியாக அனுப்பக்கூடாது. அப்போது கூட இறங்குவது யார் என்பதை நாகர்கோவிலில் ரயில் ஏறும் முன்பே பேசி முடிவு செய்துவிடுங்கள்; உச்சி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் நின்று அதைப் பேசுவது ரொம்பக் கஷ்டம்.

குல்மார்க்கில் வாடகைக்கு எடுத்த ஸ்கீ (பனிச்சறுக்கு) பூட்ஸில் அரை மணி நேரத்தில் கால் மரத்துப்போனது. இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டிருந்தேனே?
– வாசகி, மார்த்தாண்டம்

அந்த இரண்டாவது ஜோடிதான் காரணம். இறுக்கத்தில் ரத்த ஓட்டம் குறைந்து கால் மரத்திருக்கிறது. முழங்கால் வரை வரும் மெல்லிய கம்பளி சாக்ஸ் ஒரு ஜோடி போதும்.

பூட்ஸின் உள்ளுறையை வெளியே எடுத்துவிட்டு, வெறும் ஓட்டுக்குள் காலை விட்டு விரல் நுனி முன்பக்கம் தொடும்படி நில்லுங்கள். குதிகாலுக்குப் பின்னால் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் இடைவெளி இருந்தால் சரியான அளவு. உள்ளுறையைப் போட்டபின் நிமிர்ந்து நின்றால் விரல் லேசாக முட்ட வேண்டும், முட்டியை மடக்கினால் விலக வேண்டும். குதிகால் மேலே எழும்பவே கூடாது. கொக்கி மாட்டும் முன் குதிகாலைத் தரையில் தட்டிப் பின்னுக்குத் தள்ளுங்கள்; கணுக்கால் கொக்கியை இறுக்கமாகவும் பாதத்தின் மேல் வரும் கொக்கிகளைத் தளர்வாகவும் போடுங்கள். கடையில் பின்னால் வரிசை நின்றாலும் இந்தப் பத்து நிமிடத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.

ஸ்கீயில் ஏறும் முன் பூட்ஸ் அடியில் ஒட்டிய பனியை ஊன்றுகோலால் சுரண்டிவிடுங்கள். பனி இருந்தால் பைண்டிங் (பூட்ஸை ஸ்கீயோடு பூட்டும் பிடி) சரியாகப் பூட்டாது, ஓடும்போது கழன்றுகொள்ளும். பைண்டிங் எண்ணை எடை, உயரம், வயது, பூட்ஸ் அடிநீளம், அனுபவம் எல்லாம் பார்த்துத்தான் வைப்பார்கள். ‘புதுசு’ என்று சொல்லக் கூச்சப்படாதீர்கள். எண் அதிகமானால் விழும்போது ஸ்கீ கழலாமல் முட்டி முறுக்கிக்கொள்ளும். விழுகிறோம் என்று தெரிந்தால் பக்கவாட்டில் சாய்ந்து, ஊன்றுகோலை விட்டுவிடுங்கள். பிடித்தபடி விழுந்தால் கட்டைவிரல் தசைநார் கிழியும். சறுக்குவது முழுசாக நிற்கும்வரை எழ முயலாதீர்கள்.

பனியில் முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் போதுமா? போனை எப்படிக் காப்பது?
– வாசகி, குலசேகரம்

போதாது. அது வெயிலைத் தடுக்காது. 24 டிகிரிக்குக் கீழே பாட்டிலிலேயே உறைந்தும் போகும். புதுப்பனி புற ஊதாக் கதிரில் 80 சதவீதம் வரை திருப்பி அடிக்கும் என்பதால், எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனை மூக்குக்குக் கீழும் தாடைக்கு அடியிலும்கூடத் தடவுங்கள். பக்கமும் மறைக்கும் கறுப்புக் கண்ணாடி கட்டாயம்.

குளிரில் பேட்டரி சட்டென்று இறங்கும். போனை உள்சட்டைப் பையில் உடம்போடு ஒட்டி வையுங்கள். சூடான அறைக்குள் நுழையும் முன் வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் போட்டுக் காற்றுப் புகாமல் மூடி, ஒரு மணி நேரம் கழித்துத் திறங்கள். ஈரம் பைக்கு வெளியே படியும், லென்ஸில் படியாது.