காசிமேடு சவுக்குக் கம்பம்: சென்சார் எப்போதும் 'காய்ந்தது' என்று காட்டினால்

பட்டறையின் சவுக்கு மர விளக்குக் கம்பத்தில் மண் ஈரப்பத சென்சாரைச் செருகியும் மழையிலும் 'காய்ந்தது' என்றே வருகிறது என்றீர்கள். மரத்தின் மின்தடை மெகாஓம் (பத்து லட்சம் ஓம்) கணக்கில் இருக்கும்; ஈரம் ஏறினால் குறையும். மண் சென்சாருக்கு அது எட்டாது.

இரண்டு ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவை 25 மி.மீ. இடைவெளியில், 40 மி.மீ. ஆழம் முடுக்குங்கள். 1 மெகாஓம் ரெசிஸ்டரை ஒரு ஸ்க்ரூவுடன் தொடராகப் போட்டு, இரண்டும் சேரும் புள்ளியின் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். அளக்கும் நொடியில் மட்டும் மின்சாரம் கொடுங்கள், இல்லாவிட்டால் ஸ்க்ரூ அரித்துப்போகும். இடம் முக்கியம்: தரைமட்டத்தை ஒட்டித்தான் கம்பம் உளுத்துப்போகும், மேலே மாட்டிப் பயனில்லை. கடற்காற்றின் உப்புப் படலம் பொய்யாக ஈரம் காட்டும். ஸ்க்ரூ தலையைச் சுற்றி சிலிக்கோன் பசை பூசுங்கள்.

மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் பூஞ்சை பிடிக்கலாம். உள்ளே பொந்து விழுந்திருந்தால் சென்சார் சொல்லாது. தரையோரம் சுத்தியலால் தட்டி, ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள்.