மூன்று கை ட்ரம்மர்

வணக்கம் சார்,

உங்கள் இசைக் கட்டுரைகளை விடாமல் படிப்பவன். வேலை முடிந்து கிடைக்கும் நேரத்தில் கணினியில் இசைக்கோர்ப்பு பழகுகிறேன். பியானோ, பேஸ் எல்லாம் ஓரளவு கேட்கும்படி வந்துவிடுகின்றன. ட்ரம்ஸ் மட்டும் பொம்மை வாசிப்பது போலவே இருக்கிறது. சாம்பிள்கள் நிஜ ட்ரம்ஸில் பதிவு செய்தவைதான். மனிதர் வாசிப்பது போல் ஆக்கும் ஹ்யூமனைஸ் பொத்தானை 20 சதவீதம் வைத்தேன், வித்தியாசமே தெரியவில்லை. 40 வைத்தேன், தாளம் நிற்காதவர் வாசிப்பது போல் ஆகிவிட்டது. எத்தனை சதவீதம் சரி? இன்னும் பெரிய சாம்பிள் தொகுப்பு வாங்கலாமா? ரிவர்ப் என்கிற எதிரொலியை எவ்வளவு சேர்க்கலாம்? எனக்கு ட்ரம்ஸ் வாசிக்கத் தெரியாது. கோப்பை இணைத்திருக்கிறேன். பெயர் வெளியிட வேண்டாம்.

*

அன்புள்ள நண்பருக்கு,

மென்பொருள் சந்தேகங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதக் காரணம் அந்த ஹ்யூமனைஸ் பொத்தான். அதன்மேல் எனக்கு நெடுநாள் கோபம். கொட்டித் தீர்க்க ஒரு சாக்குக் கிடைக்காதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன், உங்கள் கடிதம் வந்தது.

முதலில் தொகுப்பு. வாங்காதீர்கள். இருப்பதையே நீங்கள் தொடவில்லை. கணினிக்கு இசைக் குறிப்புகளைச் சொல்லும் மிடி முறையில் ஒரு அடியின் வலிமையை, அதாவது வெலாசிட்டியை, 1 முதல் 127 வரை குறிக்கலாம். உங்கள் கோப்பில் சுள்ளென்று ஒலிக்கும் ஸ்னேர் ட்ரம் முழுக்க 100. காலால் மிதித்து மூடும் ஜோடித் தட்டான ஹை-ஹாட் முழுக்க 100. அந்தத் தொகுப்பைச் செய்தவர்கள் மெல்லிய அடி, நடுத்தர அடி, ஓங்கிய அடி என்று தனித்தனியாகப் பதிந்து, ஒரே அடி திரும்பத் திரும்ப வந்து இயந்திரத் துப்பாக்கி போல் சடசடக்காமல் இருக்க மாற்றுச் சாம்பிள்களும் வைத்திருக்கிறார்கள். நீங்கள் அதில் ஒரே அடுக்கில் உட்கார்ந்துகொண்டு வீடு சின்னது என்கிறீர்கள். இன்னொன்று, சில இடங்களில் ஸ்னேரை மென்மையாக்க அதன் வால்யூமைக் குறைத்திருக்கிறீர்கள். மெல்ல அடித்த ட்ரம்மின் ஒலியே வேறு. அதில் கூர்மை குறைவு, பளபளப்புக் குறைவு. ஓங்கி அடித்ததை வால்யூம் குறைத்தால், தூரத்தில் யாரோ ஓங்கி அடிப்பதாகத்தான் கேட்கும்.

ரிவர்ப் இருக்கட்டும்.

இப்போது பொத்தானுக்கு வருகிறேன். அது செய்வது என்ன? ஒவ்வொரு அடியையும் கொஞ்சம் முன்னாலோ பின்னாலோ, குருட்டாம்போக்கில் நகர்த்துகிறது. மனிதன் என்றால் தப்பு செய்பவன், தப்பு என்றால் தாறுமாறு. இதுதான் அந்தப் பொத்தானின் தத்துவம். மனிதனைப் பற்றி இதைவிட மட்டமான அபிப்பிராயம் இருக்க முடியுமா? இருபது வருடம் சாதகம் செய்த ஒருவரின் கை சீட்டுக் குலுக்கிப் போட்டா இறங்குகிறது?

நல்ல ட்ரம்மரும் தாளம் காட்டும் மெட்ரோனோமிலிருந்து விலகத்தான் செய்கிறார். பெரும்பாலும் 10, 20 மில்லி செகண்ட் அளவில். நிமிடத்துக்கு 120 பீட் ஓடும் டெம்போவில், ஒரு பீட்டின் கால்பங்கான சிக்ஸ்டீன்த் நோட்டின் நீளம் 125 மில்லி செகண்ட் என்பதை வைத்துப் பார்த்தால் அது ஒன்றும் சின்ன விலகல் அல்ல. ஆனால் அந்த விலகல்கள் ஒன்றோடொன்று தொடர்புள்ளவை. ஜெர்மானிய இயற்பியலாளர் ஹோல்கர் ஹென்னிக்கும் அவருடைய சகாக்களும் 2011-இல் இதைப் பற்றி ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கைதேர்ந்த தாளக் கலைஞர் ஒருவரின் விலகல்களை அளந்து பார்த்தால், இப்போது நேர்ந்த ஒரு சிறு தாமதத்தின் சாயல் வெகுநேரம் கழித்து விழும் அடிகளிலும் இருக்கிறது. ஒரே பாட்டைத் தொடர்பற்ற விலகல்களோடு ஒரு முறையும் இப்படித் தொடர்புள்ள விலகல்களோடு ஒரு முறையும் போட்டுக் காட்டியபோது, கேட்டவர்கள் இரண்டாவதைத்தான் விரும்பினார்கள். உங்கள் 40 சதவீதம் ஏன் குடிகாரன் நடை நடந்தது என்று இப்போது புரிகிறதா? விலகல் கூடிப்போனதால் மட்டும் அல்ல. ஒரு அடிக்கு முந்தைய அடியைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதனால்.

விலகல் வேண்டுமென்றேயும் செய்யப்படும். நிஜ ட்ரம்ஸின் ஒலியைச் சாம்பிளாகக் கொண்டு வந்த முதல் ட்ரம் மெஷின் 1980-இல் ரோஜர் லின் செய்த எல்எம்-1. அதில் க்ராஷ் என்கிற பெரிய சிம்பல் தட்டு கிடையாது. நீளமாக ஒலிப்பதைச் சேமிக்கும் அளவுக்கு நினைவகம் வைத்தால் அன்றைக்குக் கட்டுப்படியாகாது. ஆனால் ஷஃபிள் இருந்தது. ஒன்றுவிட்டு ஒன்றாக வரும் சிக்ஸ்டீன்த் அடிகளை ஒவ்வொரு முறையும் அதே அளவு தள்ளிப் போடும். குலுக்கல் இல்லை, தீர்மானம். அதனால்தான் ஆடத் தோன்றுகிறது. (மெஷின் மெஷினாகவே ஒலிக்கட்டும் என்று விடுவதும் கௌரவமான முடிவுதான். உங்கள் பாட்டுக்கு அது பொருந்தாது, அதனால் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.)

இளைஞனாக இருந்தபோது ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் கொஞ்ச காலம் எடுபிடி வேலை பார்த்தேன். கேபிள் சுற்றுவது, மைக் ஸ்டாண்ட் நகர்த்துவது. ட்ரம்மருக்குப் பின்னால் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். அவருடைய வலது கையைத்தான் எல்லோரும் பார்ப்பார்கள். எனக்கு இடது கையிலிருந்து கண் நகராது. நாலு பீட் கொண்ட ஒவ்வொரு பாரிலும் இரண்டாவதிலும் நாலாவதிலும் குச்சி காது உயரத்துக்குப் போய் இறங்கும். நடுவில் இருக்கும் நேரம் முழுக்க அதன் நுனி ஸ்னேரின் தோலுக்கு மேல் இரண்டு விரல் உயரத்தைத் தாண்டாது. அந்த உயரத்திலிருந்தே தொட்டுத் தொட்டு எடுக்கும். கோஸ்ட் நோட்ஸ் என்பார்களே, அவை. பக்கத்தில் இருந்த எனக்கே பாதி காதில் விழாது, கண்ணில்தான் தெரியும்.

ஒரு நாள் என்ஜினியர் ஸ்னேர் மைக்கில் மற்ற ஒலிகள் கசிகின்றன என்று கேட் போட்டுவிட்டார். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ளதெல்லாம் வெட்டுப்பட்டது. ஒலி துல்லியமாகத்தான் இருந்தது. ட்ரம்மர் உள்ளே வந்தார், நாலு பார் கேட்டார். “எல்லாம் நல்லா இருக்கு. என் லெஃப்ட் ஹேண்டைக் காணோமே?” என்றார். கேட்டை எடுத்ததும் அதே டேக் மூச்சு விட ஆரம்பித்தது. நேரத்தில் ஒரு மில்லி செகண்ட்கூட மாறவில்லை, கவனியுங்கள்.

உங்கள் கோப்பில் இல்லாததும் அந்தக் கைதான். அது மட்டுமா, இருக்கக் கூடாத கை ஒன்று இருக்கிறது! இரண்டாவது சரணத்துக்கு முன்னால் டாம் ட்ரம்களில் ஒரு ஃபில், அதாவது இடைவெளியை நிரப்பும் ஒரு உருட்டல், வைத்திருக்கிறீர்கள். நல்ல ஃபில். ஆனால் அதன் அடியில் ஹை-ஹாட் பீட்டுக்கு இரண்டு அடியாக ஓடிக்கொண்டே இருக்கிறது. யார் வாசிக்கிறார்? ஃபில் முடிந்ததும் க்ராஷும் ஸ்னேரும் சேர்ந்து விழுகின்றன, கூடவே குச்சியால் அடித்த ஹை-ஹாட். மூன்று கை! கேட்பவருக்கு ட்ரம்ஸ் தெரியாமல் இருக்கலாம், எண்ணிப் பார்க்காமல் இருக்கலாம். அங்கே ஆள் இல்லை என்பது மட்டும் அவருக்குத் தெரிந்துவிடும்.

ஹை-ஹாட்டில் சிக்ஸ்டீன்த் வரும் இடத்தையும் பாருங்கள். அந்த வேகத்தில் ட்ரம்மர் இரண்டு கையாலும் மாற்றி மாற்றித்தான் வாசிப்பார். இரண்டாம் பீட்டில் ஸ்னேர் விழ வேண்டும் என்றால் வலது கை ஹை-ஹாட்டை விட்டு ஸ்னேருக்கு வர வேண்டும். அந்த ஒரு கணத்தில் ஹை-ஹாட் இருக்காது. அந்த ஓட்டைதான் ட்ரம்ஸ். நீங்கள் அதை அடைத்துவிட்டீர்கள். வலது கை அடியும் இடது கை அடியும் ஒரே பலத்தில் இருப்பதும் அங்கே உறுத்துகிறது.

ட்ரம்ஸ் வாசிக்கத் தெரியாது என்று எழுதியிருக்கிறீர்கள். தெரிய வேண்டாம், பார்க்கத் தெரிந்தால் போதும். யாராவது வாசிக்கும் காணொளியைச் சத்தமில்லாமல் ஓடவிட்டுக் கைகளை மட்டும் கவனியுங்கள். அப்புறம் உங்கள் பாட்டைப் போட்டு மேசைமேல் தட்டிப் பாருங்கள். கை எட்டாத இடத்தில் இருக்கும் நோட்டை அழியுங்கள். ஹை-ஹாட்டை மவுஸால் ஒவ்வொன்றாக வைக்காமல், கீபோர்டில் விரலால் பாட்டின் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை ஒரே ஓட்டமாக வாசித்துப் பதியுங்கள். தடுமாறும், பரவாயில்லை. அடிகளைத் தாளக் கட்டத்தில் கொண்டுபோய் ஒட்டும் க்வாண்டைஸை முழுசாகப் போடாதீர்கள், ரொம்ப விலகியதை மட்டும் அந்தக் கட்டத்தை நோக்கிப் பாதி தூரம் தள்ளினால் போதும். விரல் தந்த வெலாசிட்டியை அப்படியே விடுங்கள். ஸ்னேரின் பெரிய அடிகளுக்கு நடுவில் 20, 30 வெலாசிட்டியில் சில கோஸ்ட் நோட்ஸ் வையுங்கள். தனியாகக் கேட்டுத் திருப்திப்படாதீர்கள், பேஸோடு சேர்த்துக் கேளுங்கள்.

ஹ்யூமனைஸை அணைத்துவிட்டீர்கள்தானே? க்ராஷுக்கு அடியில் இருக்கும் அந்த ஹை-ஹாட்டை இன்றைக்கே எடுத்துவிட்டுக் கோப்பைத் திரும்ப அனுப்புங்கள். ரிவர்ப் பற்றி அப்போது பேசிக்கொள்ளலாம்.

அன்புடன்.