தயிர்சாதம் கிடைக்குமா என்று முதலில் கேளுங்கள்

வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகள் சி.ஏ. இறுதித் தேர்வில் தேர்ச்சி பெற்றிருக்கிறாள். அதைக் கொண்டாட வரும் சனிக்கிழமை இரவு குடும்பத்தோடு ஓட்டலுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். மொத்தம் பதினொரு பேர், எல்லோரும் சைவம். 79 வயதான என் மாமனார் வெளியில் இட்லியையும் தயிர்சாதத்தையும் தவிர வேறு எதையும் தொடமாட்டார். மாமியார் வெங்காயமும் பூண்டும் சேர்ப்பதில்லை. என் கணவர் எந்த ஊருக்குப் போனாலும் தோசைதான் கேட்பார். திருநெல்வேலியிலிருந்து வரும் என் அண்ணனுக்கு இரவிலும் சோறு வேண்டும். நாத்தனாரின் பிள்ளைகள் இருவரும் நூடுல்ஸ் தவிர எதையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. மகளுக்கோ இத்தாலிய உணவகத்துக்குப் போக வேண்டும் என்று ஆசை. யார் மனமும் நோகாமல் இடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி?
ஒரு வாசகி, நங்கநல்லூர், சென்னை

பதில்: முதலில் உங்கள் மகளுக்கு என் மனமார்ந்த வாழ்த்துகளைச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தைப் படித்தபோது எங்கள் வீட்டில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. என் தந்தையின் அறுபதாம் கல்யாணம் முடிந்த மறுநாள், பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து அவரை ஒரு பெரிய உணவகத்துக்கு அழைத்துப் போனோம். மெழுகுவர்த்தி வெளிச்சமும் வெள்ளைத் துணி விரித்த மேசையுமாக இடம் மிக அழகாக இருந்தது. அப்பா சூப்பில் இரண்டு கரண்டி எடுத்துக்கொண்டார்; பிறகு வந்த எதையும் தட்டில் இங்குமங்கும் நகர்த்திவைத்துவிட்டு, கடைசியில் வந்த ஐஸ்கிரீமை மட்டும் சாப்பிட்டார். "ரொம்ப நன்றாக இருந்தது" என்று எங்களிடம் மலர்ந்த முகத்தோடு சொல்லவும் செய்தார். இரவு பத்தரை மணிக்கு வீடு திரும்பிய பிறகு சமையலறையில் விளக்கு எரிவதைக் கண்டு எட்டிப்பார்த்தேன். பட்டுப் புடவையைக்கூட மாற்றாமல் அம்மா மீந்த சோற்றைப் பிசைந்து மோர் விட்டுக்கொண்டிருக்க, அப்பா தரையில் உட்கார்ந்து நார்த்தங்காய் ஊறுகாயோடு அதைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து, விசேஷத்துக்கு ஓட்டல் பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கூட்டத்தில் யாருடைய தேவை மிகக் குறுகியதோ அவருக்கு வயிறு நிறையச் சாப்பிடக் கிடைக்கும் இடங்களை முதலில் ஒதுக்கிவைத்துக்கொண்டு, கொண்டாட்டத்துக்கு உரியவர் அவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கட்டும்.

உங்கள் வீட்டில் அந்த இடம் மாமனாருக்கு அல்ல, மாமியாருக்கு உரியது. மாமனாருக்கு வேண்டிய இட்லியும் தயிர்சாதமும் நம் ஊர்ச் சைவ உணவகம் எதிலும் கிடைத்துவிடும். வெங்காயம், பூண்டு சேர்க்காதவர்களின் பாடுதான் உண்மையில் கடினமானது. ஓட்டல் சாம்பாரிலும் குருமாவிலும் வெங்காயம் இருக்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால், தோசைக்கல்லில் வெட்டிய வெங்காயத்தை எண்ணெயில் தோய்த்துத் தேய்க்கும் வழக்கம் பல சமையலறைகளில் உண்டு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அதனால் வெறும் சாதா தோசைகூட அவருக்கு உறுதியான உணவு அல்ல. வட இந்தியக் கறிவகைகளுக்கான அடிப்படை மசாலாவை வெங்காயமும் தக்காளியும் வதக்கி முன்கூட்டியே மொத்தமாக அரைத்து வைத்திருப்பார்கள். மேசையில் உட்கார்ந்த பிறகு "வெங்காயம் இல்லாமல் ஒன்று" என்று கேட்டால் பரிமாறுபவர் தலையாட்டுவாரே தவிர, சமையலறையில் அதற்கு வழி இருக்காது. எனவே முதல் நாளே தொலைபேசியில் மேலாளரிடம் பேசுங்கள். அப்போது "ஜெயின் முறையில் செய்ய முடியுமா" என்று கேட்பது சுருக்கமான வழி. சமணர்கள் உருளைக்கிழங்கு, கேரட் போன்ற கிழங்கு வகைகளையும் விலக்குவதால், அந்தச் சொல்லைக் கேட்டவுடனே சமையலறைக்குச் செய்தி தெளிவாகப் போய்ச் சேரும்; வட இந்தியச் சைவ உணவகங்களில் இது அன்றாடம் புழங்கும் சொல். இட்லி, இடியாப்பம், தேங்காய்ப்பால், தயிர்சாதம் ஆகியவை அநேகமாகச் சிக்கல் இல்லாதவை. சட்னியைப் பற்றி மட்டும் தனியாகக் கேட்டுவிடுங்கள்.

இன்னொன்று, நீங்கள் குறித்திருப்பது சனிக்கிழமை. மாமியார் சனிக்கிழமை ஒருபொழுது இருப்பவராக இருந்தால் இரவில் பலகாரம் மட்டுமே எடுத்துக்கொள்வார். தேதியை உறுதி செய்வதற்கு முன் காலண்டரில் ஏகாதசி, கிருத்திகை, அமாவாசை எதுவும் குறுக்கே வருகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்போது உங்கள் மகளின் ஆசைக்கு வருவோம். இத்தாலிய உணவகத்தை நான் இந்த இரவுக்குச் சொல்லமாட்டேன். சுவை பிடிக்காமல் போய்விடும் என்பது மட்டும் காரணம் அல்ல. அங்கே ஏறக்குறைய எல்லா சாஸுக்கும் பூண்டுதான் அடிப்படை. முறைப்படி தயாரிக்கப்படும் பார்மசான் சீஸில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கப்படும் நொதி சேர்கிறது. தீவிரச் சைவர்களுக்கு அது ஏற்புடையது அல்ல. திராமிசு என்ற இனிப்பில் வழக்கமாக முட்டையும் சில இடங்களில் மதுவும் கலக்கிறார்கள். தாய்லாந்து உணவகத்தை மாற்றாக யாராவது சொன்னால், அந்த ஊர்க் குழம்பு மசாலாவில் இறால் விழுதும், பல பண்டங்களில் மீன் சாறும் சேரும் என்பதையும் நினைவில் வையுங்கள். காய்கறி மட்டும் போட்ட தட்டு என்பதாலேயே அது சைவம் ஆகிவிடுவதில்லை. தாத்தா பாட்டியை அழைத்துப் போகிறவர்கள் இதை விசாரித்துத் தெரிந்துகொள்வது கடமை என்றே நினைக்கிறேன்.

அதற்காக மகள் தன் ஆசையை முழுவதுமாக விட்டுக்கொடுக்க வேண்டும் என்றும் சொல்லமாட்டேன். அது அவளுடைய வெற்றி. இத்தாலிய உணவகத்துக்கு அதே வாரத்தில் வேறொரு நாள் நீங்களும் அவளும் மட்டும், அல்லது அவள் தோழிகளோடு, போய் வரலாம். அப்போது தட்டைப் பார்த்து யாரும் முகம் சுளிக்காமல் அவளால் நிம்மதியாக ரசித்துச் சாப்பிட முடியும். சனிக்கிழமை விருந்துக்கு, தென்னிந்தியச் சிற்றுண்டி, வட இந்தியம், சீனம் ஆகிய மூன்றையும் ஒரே கூரையின் கீழ் தரும் சைவ உணவகங்களே ஏற்றவை. சரவண பவன், சங்கீதா, வசந்த பவன், அடையார் ஆனந்த பவன் போன்றவற்றை இந்த வகைக்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். நட்சத்திர ஓட்டல்களின் சைவ உணவகங்களையும் கருதலாம். இவற்றுள் குளிர்சாதனமும் விசாலமான மேசைகளும் உள்ள மூன்று கிளைகளை நீங்கள் பொறுக்கி மகளிடம் கொடுங்கள். இறுதி முடிவு அவளுடையதாக இருக்கட்டும். தொடக்கத்தில் வரும் தொடுபண்டங்களையும், கேக்கையும், கடைசி இனிப்பையும் அவளே தேர்ந்தெடுக்கட்டும். கேக் முட்டையில்லாததாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் கடையில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

உங்கள் கணவரின் தோசையில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. பதினொரு பேரும் தோசை கேட்டால், கல்லிலிருந்து ஒவ்வொன்றாக வரும்; முதல் ஆள் கை கழுவும்போது கடைசி ஆளுக்குத் தட்டு வந்திருக்காது. எனவே தோசை அவருக்கும் கேட்கிற ஓரிருவருக்கும் மட்டும் என்று வைத்துக்கொண்டு, நடுவில் வைத்து எல்லோரும் எடுத்துக்கொள்ளக்கூடிய பண்டங்களை மற்றவர்களுக்குச் சொல்லுங்கள். பனீர் பட்டர் மசாலாவும் நான் ரொட்டியும் நம் வீடுகளில் இளையவர்களுக்கும் நடுவயதினருக்கும் இடையே பல ஆண்டுகளாகப் பாலமாக இருந்துவருகின்றன. அதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. அண்ணனின் சோற்று விஷயத்தை இப்போதே விசாரியுங்கள். பல உணவகங்களில் முழுச் சாப்பாடு பகலோடு முடிந்துவிடும். இரவில் சாம்பார் சாதம், தயிர்சாதம் அல்லது சிறிய அளவுச் சாப்பாடுதான் இருக்கும். அது அவருக்குப் போதும் என்றால் சரி. போதாது என்றால், விருந்தை ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மாற்றி, இலை போட்டுப் பரிமாறும் இடத்துக்குப் போவதை யோசித்துப் பாருங்கள். எனக்கு அதுவே கூடுதல் விருப்பம்.

பஃபே வேண்டவே வேண்டாம். அறுபது வகை இருக்கிறது என்று விளம்பரம் செய்வார்கள். உங்கள் மாமனார் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு, பெயர்ப்பலகையைப் படிக்க முடியாமல், பின்னால் நிற்பவர்கள் அவசரப்படுத்த, வரிசையில் நகர வேண்டியிருக்கும். கடைசியில் ஒரு கரண்டித் தயிர்சாதத்தோடு வந்து உட்காருவார். அதற்கும் முழுக் கட்டணம்தான்.

நீங்களும் கணவரும் முன்னதாக ஒருநாள் மாலை ஏழு மணிக்கு அந்த இடத்துக்குப் போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். எத்தனை படிகள், கைப்பிடி உண்டா, நாற்காலிகள் நிமிர்ந்து உட்காரத் தக்கவையா அல்லது முழங்கால் வலிக்காரர் எழுந்திருக்க முடியாத தாழ்ந்த சோபாக்களா, கழிப்பறை எந்தத் தளத்தில் இருக்கிறது, பாட்டின் சத்தத்தில் பேச முடிகிறதா என்பதையெல்லாம் நேரில்தான் பார்க்க முடியும். மேசையை ஏழு மணிக்கே பதிவு செய்யுங்கள். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட்டுக்கொள்கிறவர் யாராவது இருந்தால், உணவு வரும் நேரம் தெரியாமல் வீட்டிலேயே ஊசி போட்டுக்கொண்டு கிளம்புவது ஆபத்து. சர்க்கரை அளவு சட்டென்று இறங்கிவிடக்கூடும். பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் வேண்டியதை முன்பே சொல்லிவைத்தால், உட்கார்ந்த பத்து நிமிடத்துக்குள் அவர்கள் முன் தட்டு வந்துவிடும்.

கடைசியாக, மேசையில் நாம் நடந்துகொள்ளும் விதத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். "ஒரு வாய் சாப்பிட்டுத்தான் பாருங்களேன்" என்று பெரியவர்களை வற்புறுத்தாதீர்கள். எழுபத்தொன்பது வயதில் ஒருவர் இட்லி போதும் என்று சொல்வதற்குப் பல்லும் குடலும் பழக்கமும் காரணமாக இருக்கலாம். விளக்கம் கேட்க நமக்கு உரிமை இல்லை. புதிய பண்டம் ஒன்று மேசை நடுவில் இருக்கட்டும். கை நீட்டினால் நீட்டட்டும். அதேபோல, விலைப்பட்டியலை மாமனார் கையில் கொடுக்காதீர்கள். தயிர்சாதத்துக்கு எதிரே இருக்கும் தொகையைப் பார்த்தவுடன் "எனக்குப் பசியே இல்லை" என்று சொல்லிவிடும் தலைமுறை அது.

கேள்வி: என் அப்பா அடுத்த மாதம் பணி ஓய்வு பெறுகிறார். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் வெளியில் போனால் பிரியாணியும் சிக்கன் 65-ம்தான். இப்படிப்பட்ட நாளிலும் அதே பிரியாணிக் கடையா என்று எனக்குக் கூச்சமாக இருக்கிறது. ஹைதராபாத் பாணி உணவகம் ஒன்று புதிதாக வந்திருக்கிறது; அங்கே போனால் மாற்றமாக இருக்குமா?
ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கூச்சப்பட ஒன்றுமே இல்லை, தம்பி. பிரியாணி என்ற பெயர் ஒன்றாக இருப்பதால் ஹைதராபாத் பிரியாணியும் பழகியதுதான் என்று நினைத்துவிடாதீர்கள். திண்டுக்கல், ஆம்பூர் பிரியாணிகளுக்கு உரியது சீரகச் சம்பா. சிறுமணியான அந்த அரிசி மசாலாவை உறிஞ்சிக்கொண்டு, ஒவ்வொரு கவளத்திலும் ஒரே சுவையாக இருக்கும். ஹைதராபாத் பிரியாணியில் நீளமான பாசுமதி அரிசியை அரை வேக்காட்டில் எடுத்து, ஊறவைத்த இறைச்சியின் மேல் அடுக்கித் தம் போடுவார்கள். அதனால் ஒரு பக்கம் வெள்ளையாகவும் ஒரு பக்கம் காரமாகவும் இருக்கும். சீரகச் சம்பாவில் ஊறிய நாக்குக்கு இது "சோறு தனி, கறி தனி" என்றுதான் படும். தொட்டுக்கொள்ள வரும் சாலன் என்ற குழம்பும் தயிர்ப் பச்சடிக்குப் பழகியவர்களுக்கு அந்நியமாக இருக்கும்.

அப்பாவுக்குப் பிடித்த கடையிலேயே, வழக்கமாக உட்காரும் கூடத்தை விட்டுவிட்டு, குளிர்சாதன அறையில் ஒரு நீள மேசையைப் பதிவு செய்யுங்கள். அலுவலக நண்பர்கள் இரண்டு பேரை அவருக்குத் தெரியாமல் வரவழையுங்கள். அடிக்கடி வாங்காத சுக்கா, மூளை வறுவல், காடை என்று ஒன்றிரண்டைச் சேர்த்துச் சொல்லுங்கள். தேதி புரட்டாசியில் விழுந்தால் மட்டும், வீட்டில் யார் யார் அந்த மாதம் அசைவம் விடுகிறார்கள் என்று கேட்டுக்கொண்டு முடிவு செய்யுங்கள்.

கேள்வி: பெரிய குழுவாகப் போகும்போது பில்லில் எதிர்பாராத தொகைகள் சேர்ந்துவிடுகின்றன. முன்கூட்டியே எதைக் கவனிக்க வேண்டும்?
ஒரு வாசகி, திருச்சி

பதில்: சாதாரண உணவகங்களில் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். ஓர் அறைக்கு நாள் வாடகை 7,500 ரூபாய்க்கு மேல் வாங்கும் பெரிய ஓட்டல்களுக்குள் இருக்கும் உணவகங்களில் அது 18 சதவீதம். பதினைந்து பேர் சாப்பிடும்போது இந்த வேறுபாடு பெரிய தொகையாகிவிடும் என்பதால், இடம் பார்க்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். சேவைக் கட்டணம் வரியில் சேராது. அதைத் தானாகவே பில்லில் சேர்க்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் நெறிமுறைகளை வெளியிட்டது. 2025 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றமும் அவற்றை உறுதி செய்தது. சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லுங்கள். மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். ஆனால் விருந்தாளிகள் முன்னால் இந்த விவாதம் வேண்டாம். இனிப்பு வரும்போதே எழுந்து கல்லாப்பெட்டிக்குப் போய்ப் பில்லைப் பார்த்துவிடுங்கள். பரிமாறியவர் பெரியவர்களிடம் பொறுமையாக நடந்துகொண்டிருந்தால், அவருக்குக் கொடுக்க நினைப்பதை அவர் கையிலேயே கொடுங்கள்.