இலங்கைத் தோட்டங்களில் வாழ்ந்த இந்திய வம்சாவளித் தமிழரின் பிரஜாவுரிமை பற்றிய சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் வரும் சாஸ்திரி யார்?

லால் பகதூர் சாஸ்திரி. நேரு அமைச்சரவையில் ரயில்வே, உள்துறை உட்படப் பல துறைகளைப் பார்த்தவர். 1956-இல் அரியலூரில் ரயில் கவிழ்ந்ததும் பொறுப்பேற்றுப் பதவியை விட்டார். அந்த நேர்மை பெரிது. 1964 ஜூனில் இந்தியப் பிரதமரானார். அதே ஆண்டு ஒக்டோபர் 30-இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவுடன் ஒப்பந்தம்.

கணக்கு இதுதான்: எந்த நாட்டுப் பிரஜாவுரிமையும் இல்லாத நாடற்றவர் 9,75,000 பேர். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. மிச்சம் 1,50,000 பேரை 1974-இல் இந்திரா காந்தி காலத்தில் பாதிப்பாதியாகப் பிரித்தார்கள்.

பிழை எங்கே? தோட்டத்து மக்களின் சம்மதத்தைக் கேட்காமலே தொகையை முடிவு செய்தார்கள். ஒரே லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) அண்ணன் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் போக, தம்பி இங்கேயே கொழுந்து மடுவத்தில் (பறித்த தேயிலையை நிறுக்கும் கொட்டகையில்) நின்றான். சாஸ்திரி 1966 ஜனவரி 11-இல் தாஷ்கண்டில் காலமானார். இங்கே எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குப் பிரஜாவுரிமை தரும் சட்டம் 2003-இல்தான் வந்தது.